இணைய இணைப்பின் அளவுச் சொற்கள்: அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

நூல் வாங்குகிறவர் நூலின் நம்பரை அறிந்திருக்க வேண்டும். நிலம் வாங்குகிறவர் சென்ட் கணக்கை அறிந்திருக்க வேண்டும். அளவு தெரியாதவர் கையிலுள்ள பணம் பிறர் பெட்டிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆவதில்லை. கூட்டுறவு இயக்கம் நம் நாட்டில் தோன்றியதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. நிறுவை, அளவை, வட்டி ஆகிய மூன்றிலும் ஏழை ஏமாறாதிருக்க வேண்டும் என்பதே முன்னோர் கொண்ட நோக்கம்.

இன்று நம் அங்கத்தினர்கள் மாதந்தோறும் பணம் கொடுத்து வாங்கும் பொருள்களில் புதியது ஒன்று சேர்ந்திருக்கிறது. அது இணைய இணைப்பு. பாளையம்பட்டியிலும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசற்காட்டு ஊர்களிலும் மின்கம்பங்களை ஒட்டிக் கண்ணாடி இழைக் கம்பிகள் செல்வதைக் காண்கிறோம். நெசவாளர் சங்கங்கள் சேலையைப் படம் பிடித்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புகின்றன. மல்லிகையும் மிளகாயும் மல்லியும் பயிரிடுவோர் அன்றன்றைய சந்தை விலையைக் கைப்பேசியில் பார்க்கின்றனர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. தொடக்கத்தில் 63,000 சங்கங்களுக்கென 2,516 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆகவே இணைப்பு நின்றால் சங்கத்தின் கணக்கும் நின்றுவிடும் என்ற நிலை வந்திருக்கிறது.

இவ்வளவு முக்கியமான பொருளை எந்த அளவால் அளக்கிறார்கள்? விளம்பரத் தாளில் கண்ட சொற்களின் பொருள் என்ன? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நயா பைசா வந்த காலம்

புதிய அளவு வரும்போது மக்கள் திகைப்பது இயல்பே. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் நம் நாட்டில் தசாம்ச நாணயம் நடைமுறைக்கு வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பது போய், நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆயிற்று. 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தைத் தொடர்ந்து வீசையும் பலமும் போய்க் கிலோகிராம் வந்தது. ஓர் அணாவுக்கு ஆறு நயா பைசாவா, ஆறே காலா என்று கடைவீதிகளில் வாதம் நடந்தது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியோர் வரை எல்லோரும் அக்கணக்கைக் கற்றுக்கொண்டார்கள். இன்று வீசையை அறிந்தோர் சிலரே.

இணைய வேகத்தின் கணக்கு அதைவிடக் கடினமானதன்று. எட்டால் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

நூறு வாங்கினோம், பன்னிரண்டு தெரிகிறது

பாளையம்பட்டிப் பகுதியில் நாம் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், இந்த எட்டின் கணக்குத் தெரியாமையால் ஒரு செயலாளரின் நற்பெயருக்கே ஊறு நேர இருந்தது. நூறு என்னும் வேகத் திட்டத்துக்குச் சங்கம் பணம் கட்டிவந்தது. ஒரு நாள் நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவர் கணினியில் பெரிய கோப்பு ஒன்று இறங்குவதைக் கவனித்தார். திரையில் 11.8 என்ற எண் தெரிந்தது. செயலாளர் மலிவான திட்டத்தை எடுத்துக்கொண்டு நூறுக்குரிய தொகையைக் கணக்கில் எழுதுகிறார் என்ற பேச்சு எழுந்தது. தீர்மானம் கொண்டுவரவும் சிலர் முனைந்தனர்.

முதிய நெசவாளர் ஒருவர் நம்மிடம், "ஐயா, நூறு என்று எழுதி வாங்கினோம். பன்னிரண்டுகூட நிறையவில்லையே! மீதி எண்பத்தெட்டு எங்கே போயிற்று?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. விடை இது: மீதி எங்கும் போகவில்லை. விற்பவர் ஒரு படியால் அளந்தார். கணினி வேறொரு படியால் அளந்தது.

நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு அட்டையை நினைத்துப் பாருங்கள். 1804-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய பொறியில், அட்டையின் ஒவ்வோர் இடத்திலும் துளை உண்டு அல்லது துளை இல்லை. துளை இருந்தால் பாவிழை எழும்; இல்லையேல் எழாது. மூன்றாவது நிலை கிடையாது. கணினியின் மொழியும் இதுவே. உண்டு, இல்லை என்னும் இரண்டில் ஒன்றைச் சொல்லும் மிகச் சிறிய கூறுக்குப் பிட் என்று பெயர். அத்தகைய எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்.

ஆங்கில எழுத்து ஒன்றைக் குறிக்க ஒரு பைட் போதும். நம் தமிழில் 'பாவு' என்னும் சொல்லை இன்று வழக்கிலுள்ள ஒருங்குறி முறையில் அனுப்ப 12 பைட் வேண்டும். அதாவது 96 பிட்டுகள். ப ஒன்று, அதன் கால் ஒன்று, வ ஒன்று, அதன் உகரக் குறி ஒன்று என நான்கு கூறுகள். கூறு ஒன்றுக்கு மூன்று பைட்.

இணைப்பை விற்போர் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்கின்றனர். கோப்பின் பருமனையும், கோப்பு இறங்கும் வேகத்தையும் கணினி பெரும்பாலும் பைட் கணக்கில் காட்டுகிறது. 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும். திரையில் கண்ட 11.8-ஐ எட்டால் பெருக்கினால் 94.4 வரும். எஞ்சிய ஐந்தரை எங்கே? செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே கம்பியில் செல்கிறது. ஒவ்வொரு பொதியின் மீதும் அனுப்புநர், பெறுநர் முகவரி முதலிய குறிப்புகள் உண்டு. நூல் கட்டின் மேலுள்ள தாளும் கயிறும் எடையில் சேர்வதுபோல் இவையும் கணக்கில் சேரும். ஆகவே அந்தச் சங்கத்துக்குக் கிடைத்த அளவு சரியானதே. செயலாளரும் குற்றமற்றவரே. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபின் தீர்மானம் கைவிடப்பட்டது.

ஆங்கிலத்தில் எழுதும்போது, சிறிய 'பி' எழுத்து இருந்தால் பிட், பெரிய 'பி' எழுத்து இருந்தால் பைட் என்பது வழக்கம். ரசீதைப் பார்க்கையில் இந்த ஓர் எழுத்தைக் கவனித்தால் பாதி ஐயம் தீரும்.

கிலோ, மெகா, கிகா

ஆயிரம் பிட் ஒரு கிலோபிட். பத்து லட்சம் பிட் ஒரு மெகாபிட். நூறு கோடி பிட் ஒரு கிகாபிட். ஒரு நொடியில் ஒரு மெகாபிட் செல்லுமானால் அதை ஒரு எம்.பி.பி.எஸ். என்பர். இது மருத்துவப் பட்டம் அன்று; நொடிக்கு மெகாபிட் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இக்கட்டுரையில் நாம் 'நொடிக்கு மெகாபிட்' என்றே எழுதுவோம்.

நாற்பதாம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது இருக்கும் என்று பொருள். நீளம் 33,600 கஜம். அங்கே எடைக்கு எவ்வளவு நீளம் என்று கேட்கிறோம். இங்கே நொடிக்கு எவ்வளவு செய்தி என்று கேட்கிறோம். இரண்டும் ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் அளவுகளே.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு திரைப்படம் 1 கிகாபைட் பருமன் உள்ளது என்க. அது 8,000 மெகாபிட் ஆகும். நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 200 நொடியில், அதாவது மூன்று நிமிஷம் இருபது நொடியில் அது இறங்கும். நூறு வேகத்தில் 80 நொடி ஆகும். இரண்டு நிமிஷ வித்தியாசத்துக்காக மாதந்தோறும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா என்பதை அவரவரே முடிவு செய்யலாம்.

எதற்கு அகலக்கற்றை என்று பெயர்?

பிராட்பேண்டு என்னும் ஆங்கிலச் சொல்லையே தமிழில் அகலக்கற்றை என்கிறோம். இன்ன வேகத்துக்கு மேற்பட்டால்தான் இப்பெயர் சொல்லலாம் என்று அரசு வரையறுத்திருக்கிறது. பொதுமக்களுக்கான இணையச் சேவை நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. அகலக்கற்றைக்கு 2004-ஆம் ஆண்டுக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் என்று குறைந்தபட்ச எல்லை வகுத்தது. 2013-இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் என்று உயர்த்தப்பட்டது. 2004-இல் இருந்ததைப்போல் இது ஏறக்குறைய எட்டு மடங்கு.

இதிலிருந்து அங்கத்தினர்கள் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அகலக்கற்றை என்று பெயர் இருப்பதனாலேயே வேகம் மிகுதி என்று எண்ணிவிடலாகாது. அப்பெயர் கீழ் எல்லையை மட்டுமே சொல்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணே முக்கியம்.

'வரை' என்னும் சிறு சொல்

விளம்பரங்களில் 'நொடிக்கு 100 மெகாபிட் வரை' என்று அச்சிட்டிருப்பார்கள். எண் பெரிய எழுத்தில் இருக்கும். 'வரை' என்பது சிறிய எழுத்தில் இருக்கும். நெசவாளர் ஒருவர், "கூலி ஆயிரம் ரூபாய் வரை தரப்படும்" என்ற சொல்லை நம்பித் தறியில் உட்காருவாரா? குறைந்தது எவ்வளவு என்று கேட்பார் அல்லவா? இங்கும் அப்படியே கேட்க வேண்டும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006-இல் வகுத்த தர விதிகளில், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வாடிக்கையாளர் வரையுள்ள இறக்க வேகம் ஒப்புக்கொண்டதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்று கூறியது. 2024 ஆகஸ்டில் ஆணையம் புதிய தர விதிகளை வெளியிட்டது. அவை அவ்வாண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தன. வேகம் தருவது நிறுவனத்தின் தயவு அன்று. கடமை என்பதற்கு இவ்விதிகளே சான்று.

இறக்கமும் ஏற்றமும்

சங்கத்திலிருந்து பாவும் ஊடையும் நெசவாளர் வீட்டுக்கு வருகின்றன. நெய்த சேலை வீட்டிலிருந்து சங்கத்துக்குப் போகிறது. இணைப்பிலும் இவ்வாறே இருவழிப் போக்குண்டு. வெளியிலிருந்து நம்மிடம் வருவது பதிவிறக்கம். நம்மிடமிருந்து வெளியே போவது பதிவேற்றம்.

விளம்பரத்தில் பெரும்பாலும் இறக்க வேகத்தையே சொல்வார்கள். பழைய செப்புக் கம்பி இணைப்புகளில் ஏற்ற வேகம் இறக்கத்தில் ஒரு சிறு பங்கே இருந்தது. கண்ணாடி இழை இணைப்புகளில் பல நிறுவனங்கள் இரண்டையும் சமமாகத் தருகின்றன. எல்லாத் திட்டங்களும் அப்படி என்று எண்ண வேண்டாம்.

படம் பார்ப்பவருக்கு இறக்கம் முக்கியம். ஆனால் சங்கத்துக்கு ஏற்றமே முக்கியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேலையின் தெளிவான படம் ஒன்று 5 மெகாபைட் என்க. அது 40 மெகாபிட். ஏற்ற வேகம் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் படம் ஒன்றுக்கு 20 நொடி. இருபது படங்களுக்கு 400 நொடி, அதாவது ஏறக்குறைய ஏழு நிமிஷம். ஏற்ற வேகம் 20 என்றால் 40 நொடியில் முடியும். காணொளி வகுப்பில் மாணவியின் முகம் ஆசிரியருக்குத் தெரிவதும் ஏற்றத்தைப் பொறுத்ததே. ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "இறக்கம் எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு?" என்று இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தாமதம் என்பது வேறு

கண்மாய்ப் பாசனம் தெரிந்த நம் விவசாயிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வாய்க்கால் எவ்வளவு அகலம் என்பது ஒன்று. மடையைத் திறந்தபின் கடைமடை வயலுக்கு முதல் தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரம் என்பது வேறொன்று. அகன்ற வாய்க்காலிலும் தூரம் அதிகமானால் தண்ணீர் தாமதித்தே வரும். இணைப்பின் வேகம் என்று விற்கப்படுவது வாய்க்காலின் அகலமே. முதல் துளி போய்த் திரும்பும் நேரத்துக்குத் தாமதம் என்று பெயர். சோதனைத் திரையில் இது பிங் அல்லது லேட்டன்சி என்று காணப்படும். இதை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லிநொடியில் அளப்பர். வேகம் கூடக்கூட நல்லது. தாமதம் குறையக்குறைய நல்லது.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நம் பகுதியிலிருந்து சென்னை வரை சுமார் 500 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்வர 1,000 கிலோமீட்டர். பயணத்துக்கு மட்டும் 5 மில்லிநொடி. வழியிலுள்ள நிலையங்களில் நின்று செல்வதால் இது மேலும் கூடும். பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போய்வந்தால் ஏறக்குறைய அரை நொடி ஆகிவிடும். எதிர் முனையில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்னே நாம் குறுக்கிட்டுப் பேச நேர்வது இதனால்தான்.

தாமதம் ஒரே சீராக இராமல் ஏறி இறங்குவதை ஜிட்டர் என்பர். பொதிகள் சில வழியிலேயே தொலைந்துபோவதைப் பொதியிழப்பு என்பர். 2006-ஆம் ஆண்டு விதிகள் பொதியிழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றன. எண் நூறு என்று காட்டியும் பேச்சு விட்டுவிட்டு வருமானால் குறை இவ்விரண்டில் ஒன்றாக இருக்கும். அதற்கு உயர்ந்த வேகத் திட்டம் மருந்தாகாது.

முறைப் பாசனமும் பங்கீடும்

இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் குறைகிறது என்பது அங்கத்தினர்கள் பொதுவாகக் கூறும் குறை. காரணம் பங்கீடு. கண்ணாடி இழை இணைப்பில் பரவலாக உள்ள ஜிபான் என்னும் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை நொடிக்கு ஏறக்குறைய 2.5 கிகாபிட் இறக்கமும் 1.25 கிகாபிட் ஏற்றமும் தாங்கும். அந்த ஓரிழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் நூறு என்று விற்கிறார்கள். இதில் மோசம் ஒன்றும் இல்லை. பேருந்துப் பணிமனையில் ஊரிலுள்ள அனைவருக்கும் ஆளுக்கொரு இருக்கை வைத்திருப்பதில்லை அல்லவா? ஆனால் இருக்கைக்கு மீறிச் சீட்டு விற்றால் குற்றம் நடத்துநருடையதே.

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்க ஏற்பட்ட தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், ஊராட்சிக்கு நொடிக்கு 1 கிகாபிட் என்ற இலக்கு வைத்தது. இது மிகப் பெரிய அளவே. ஆயினும் அதைப் பங்கிட்டே பார்க்க வேண்டும். இருநூறு வீட்டார் ஒரே சமயத்தில் பயன்படுத்தினால் வீட்டுக்கு 5 மெகாபிட். ஐம்பது வீட்டார் என்றால் வீட்டுக்கு 20. ஊருக்கு வரும் அளவு வேறு, வீட்டுக்கு வரும் அளவு வேறு என்பதை மறத்தலாகாது.

வீட்டுக்குள் நேரும் இழப்பு

கம்பியில் வந்த வேகம் கைப்பேசிக்கு முழுதும் வருவதில்லை. பம்பு செட்டிலிருந்து கொட்டும் தண்ணீர் மண் வாய்க்காலில் கசிவதைப்போல, வீட்டுக்குள் வை-பை அலையில் பெரும் பங்கு கரைகிறது. தடித்த சுவர்களும், இரும்புப் பீரோவும், தறி மேடைக்குப் பின்னே மூலையில் ஒளித்துவைத்த பெட்டியும் இதற்குக் காரணம்.

வை-பை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். அலுவலக மேஜைக்கு அருகில் ஐந்தையும், தறிக்கூடத்துக்கு இரண்டே நாலையும் பயன்படுத்துவது தக்கது. பெட்டியின் மீது 300 என்று அச்சிட்டிருந்தால், அது காற்றில் அலை செல்லும் உச்ச வேகமே; நாம் வாங்கிய இணைய வேகம் அன்று. பழைய பெட்டிகளின் கம்பித் துளைகள் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்கமாட்டா. அத்தகைய பெட்டியை வைத்துக்கொண்டு 200 வேகத்துக்குப் பணம் கட்டுவது, குறுகிய குழாயைப் பொருத்திவிட்டுப் பெரிய மோட்டார் வாங்குவதற்கு ஒப்பாகும்.

மாத அளவும் அதன் பின் வேகமும்

பல திட்டங்கள் 'வரம்பற்றவை' என்று சொல்லப்பட்டாலும், மாதத்தில் இவ்வளவு கிகாபைட் வரையில்தான் முழு வேகம். அதற்குமேல் வேகம் குறைக்கப்படும் என்ற நிபந்தனை இருக்கும். இதை நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்பர். 2016 அக்டோபரில் ஒழுங்குமுறை ஆணையம், அவ்வாறு குறைத்தபின்னும் கம்பி வழி அகலக்கற்றையில் நொடிக்கு 512 கிலோபிட்டுக்குக் கீழே போகலாகாது என்று பணித்தது.

மாத அளவு 1,000 கிகாபைட் என்க. நாளுக்கு 33 ஆகிறது. தெளிவான காணொளிக்கு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 2.25 கிகாபைட் செலவாகும். ஆக நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் விடாமல் படம் பார்த்தாலன்றி அளவு தீராது. சாதாரணக் குடும்பத்துக்கு இது தாராளம்.

எவ்வளவு வேகம் போதும்?

ஐந்து பேருள்ள வீட்டில் ஒருவர் படம் பார்க்க 5, ஒரு பிள்ளையின் வகுப்புக்கு 3, மற்றவர்களின் கைப்பேசிக்கு 5, எதிர்பாராத தேவைக்கு இருமடங்கு என்று கூட்டினாலும் நொடிக்கு 30 மெகாபிட்டுக்குள் அடங்கும். கணக்கு எழுதவும், படம் அனுப்பவும், இரண்டு மூன்று கணினிகள் வைத்திருக்கும் சங்கத்துக்கு, ஏற்றம் சமமாக இருக்குமானால் 40 முதல் 50 வரை போதுமானது.

கணக்குக்காக ஒரு திட்டம் மாதம் 499 ரூபாய், மற்றொன்று 799 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சரக்கு சேவை வரி சேர்ந்தால் 588 ரூபாய் 82 காசு, 942 ரூபாய் 82 காசு என்றாகும். வித்தியாசம் மாதம் 354 ரூபாய். ஆண்டுக்கு 4,248 ரூபாய். தறியில் உட்கார்ந்து ஈட்டிய பணம் இது. வேண்டாத வேகத்துக்கு இதைக் கொடுப்பதைவிட, மின்தடையின்போது பெட்டி அணையாதிருக்கச் சிறிய மின்கலப் பெட்டி ஒன்று வாங்கினால் சங்கத்துக்குப் பிரயோஜனம் அதிகம்.

அளந்து பார்க்கும் முறை

சந்தேகப்படுவதைவிட அளந்து பார்ப்பது மேல். முறை வருமாறு:

1. வை-பையை விட்டுவிட்டு, கணினியைப் பெட்டியுடன் கம்பியால் நேரே இணைக்க வேண்டும்.

2. மற்றக் கருவிகள் அனைத்தையும் நிறுத்திவிட வேண்டும்.

3. காலை, மதியம், இரவு எட்டு மணிக்கு மேல் என மூன்று வேளையும் ஒரு வாரம் சோதித்து, இறக்கம், ஏற்றம், தாமதம் ஆகிய மூன்றையும் தேதியுடன் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

4. பிறகு அதே சோதனையை வை-பையில் தறிக்கூடத்தில் செய்ய வேண்டும்.

கம்பியில் நிறைவாகவும் அலையில் குறைவாகவும் இருந்தால் குறை நம் வீட்டில் உள்ளது. பெட்டியை இடம் மாற்றுங்கள். காலையில் நிறைவாகவும் இரவில் மட்டும் குறைவாகவும் இருந்தால் குறை பங்கீட்டில். எல்லா வேளையும் கம்பியிலேயே குறைந்தால் இழையிலோ திட்டத்திலோ குறை உண்டு. இழையில் வரும் ஒளியின் வலிமையைப் பழுது பார்ப்போர் டெசிபல் கணக்கில் சொல்வர். அது பூஜ்யத்துக்குக் கீழுள்ள எண். கழித்தல் 20 என்றால் நலம். கழித்தல் 27-ஐத் தாண்டினால் பெட்டி தடுமாறும். இழை ஒடிந்தோ மடிந்தோ இருக்கலாம்.

குறை தீராவிடில்

முதலில் நிறுவனத்தின் குறைகேட்பு மையத்தில் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாத புகார் சாட்சி இல்லாத கடன் போன்றது. அங்கே தீராவிட்டால், 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு முப்பது நாள்களுக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை. அதற்கு மேலும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புக் குறைகளையும் அந்த ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஒரு வாரக் குறிப்பேடு கையில் இருந்தால் வழக்குக்கு அதுவே உரம்.

சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு நாம் ஒன்று கூற விரும்புகிறோம். இணைப்புக்கு விலைப்புள்ளி கோரும்போது வாடகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது போதாது. இறக்கம், ஏற்றம், மாத அளவு, அளவு தீர்ந்தபின் வேகம், பழுது நீக்கும் கால எல்லை, வரியுடன் சேர்ந்த ஆண்டுத் தொகை ஆகிய ஆறையும் ஒரே தாளில் பத்தி பிரித்து எழுதி, தீர்மானப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்த எண்களை அங்கத்தினர் பார்வைக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்கு எல்லோருக்கும் தெரிந்த சங்கத்தில் வதந்திக்கு இடமில்லை. நேர்மையான ஊழியருக்கு அச்சமும் இல்லை. எட்டால் வகுக்கத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். அவர்கள் அடுத்த வீட்டு முதியோரின் ரசீதையும் ஒருமுறை படித்துச் சொல்வார்களானால், அதுவும் கூட்டுறவுத் தொண்டேயாகும்.